கஸ்பார் மாமாவின் மூளை

எங்கள் சிலுவைத்துறையில் கரையில் சொல்கிற பொய்தான் பாவம். கடலில் நின்று வயர்லெஸ்ஸில் சொல்கிற பொய் தொழில். சனிக்கிழமை கோயிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிற ஆண்கள், குடித்ததைச் சொல்வார்கள், பெண்டாட்டியை அடித்ததைச் சொல்வார்கள். வலை போட்ட இடத்தை மாற்றிச் சொன்னதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதைப் பாவத்தில் சேர்க்கும் வழக்கமே இங்கே கிடையாது.

காரணம் இருக்கிறது. வயர்லெஸ்ஸில் ஒருவன் பேசினால் கடலில் நிற்கிற அத்தனை படகுக்கும் கேட்கும். மீன் விழுந்த இடத்தை உள்ளபடி சொன்னால், மறுநாள் அங்கே தண்ணீர் தெரியாமல் படகுகள் நிற்கும். அதனால் படகை நடத்துகிற தண்டல் எவனும் உண்மையான இடத்தைச் சொல்ல மாட்டான். கேட்கிறவனும் நம்ப மாட்டான். மீன் எப்படி என்று கேட்டால், "ஒண்ணுங்கெடயாது, சும்மா தண்ணிய அரிச்சிட்டுக் கெடக்கோம்" என்பதுதான் எல்லார் வாயிலும் வரும் பதில். அப்படிச் சொன்ன படகு கரைக்கு வரும்போது பாரம் தாங்காமல் முங்கி முங்கி வரும்.

நான் ஜெசிந்தா. இந்தத் துறையின் வயர்லெஸ் செட்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள். தூத்துக்குடியில் டிப்ளமோ முடித்து, கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, அங்கே மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றுவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டேன். எனக்குத் தெரியாத செட் இந்தக் கடற்கரையில் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். யாரும் இதுவரை மறுத்ததில்லை. கடலில் போகிற ஆண்கள் பொய்யர்கள், கரையில் இருக்கிற நான் ஒருத்திதான் உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் என்றும் சொல்லிக்கொள்வேன். அதையும் யாரும் மறுத்ததில்லை.

மூளை வைத்த செட்டுகள் வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. கம்பெனிக்காரன் புத்தகத்தில் அதற்கு என்னென்னவோ பெயர். பார்க்கப்போனால், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மெமரி போர்டு. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மூளை. "எக்கா, மூளைக்குள்ள தண்ணி ஏறிட்டு", "எக்கா, மூளையக் கழத்திப் பாரு" என்று கடை வாசலில் நின்று கத்துவார்கள். வழியில் போகிற வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கஸ்பார் மச்சாது புதிதாகப் பெரிய படகு இறக்கினார். அதில் புது செட் பொருத்தியே வந்தது. பழைய செட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். துறையிலேயே அதிகம் மீன் பிடிக்கிறவர் அவர். அறுபதைத் தாண்டியும் உடம்பு தேக்குமரம் போல இருக்கும். எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பதால் எனக்கு மாமா முறை.

"ஏட்டி ஜெசி, இதுக்குள்ள நான் பேசுனதெல்லாம் கெடக்குமா?" என்று கேட்டார்.

"பேசுனது கெடக்காது மாமா. பேசுத விதம் கெடக்கும்."

"அப்படின்னா?"

"நீங்க மைக்கப் பிடிச்சுப் பேசுதிய. எஞ்சின் சத்தத்துல, காத்துல, நடுவுல நாலு வார்த்தை முங்கிப் போவுது. பழைய செட்டுன்னா கரகரன்னு கேக்கும். இது அப்படி விடாது. கஸ்பார் மாமா இந்த எடத்துல வழக்கமா என்ன சொல்லுவாருன்னு பாத்து, அந்த நாலு வார்த்தைய அதுவே போட்டு அனுப்பிரும். கேக்கவனுக்கு முழுசாக் கேக்கும். எது நீங்க சொன்னது, எது அது போட்டதுன்னு ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"நிக்கிற எடத்தச் சொல்லும்போது காத்து அமுக்கிட்டா?"

"படகு எங்க நிக்குன்னு செட்டுக்குத் தெரியும்லா. உள்ளயே ஜிபிஎஸ் இருக்கு. அதப் பாத்து, நீங்க எப்படிச் சொல்லுவியளோ அதே மாதிரி சொல்லிரும்."

"நான் எப்படிச் சொல்லுவனோ அதே மாதிரி" என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படகு நிற்கிற இடத்தைத் தானாகவே கரைக்கு அனுப்புகிற வசதி எல்லா செட்டிலும் இருந்தது. செட் வாங்கிய வாரமே ஒவ்வொரு தண்டலாகக் கடைக்கு வந்து அதை அடைத்துவிடச் சொன்னார்கள். சங்கத் தலைவரே முதல் ஆளாக வந்தார். "உயிர் போற நேரத்துல உதவும்" என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தேன். "உயிர் போறது என்னைக்கோ, மீன் போறது தெனமுமுல்லா" என்றார் அவர். அடைத்துக் கொடுத்தேன்.

கஸ்பார் மாமா படியிறங்கியதும் என் தம்பி ரெமிஜியுஸ் உள்ளே வந்தான். மாமா போகட்டும் என்று சந்து முனையில் காத்து நின்றிருக்கிறான். அம்மா போன பிறகு நான் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்த பிள்ளை. அந்த வருடம்தான் 'சமாதான ராக்கினி' என்கிற படகுக்குத் தண்டலாகியிருந்தான். அவனுடைய செட்டின் மூளையில் உப்புத் தண்ணீர் ஏறி, பச்சை பூத்து, செத்துப் போயிருந்தது.

"எக்கா, கஸ்பார் மாமா மூளைய எனக்கு வச்சிக் குடு."

"புது போர்டு வரச் சொல்லியிருக்கேன். பொறுல."

"புதுசு ஒண்ணும் தெரியாம இருக்கும். அது பழகி முடிக்க ஒரு சீசன் ஆவும். மாமா மூளைன்னா..." என்று இழுத்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. கஸ்பார் மாமாவுக்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் அவர் அள்ளுகிறார் என்பது ஊரறிந்த ரகசியம். அந்த இடம் எது என்பதுதான் யாருக்கும் தெரியாது. நாலைந்து பேர் அவர் பின்னாலேயே படகை விட்டுப் பார்த்தார்கள். அவர் விளக்கை அணைத்துக்கொண்டு அவர்களை நடுக்கடலில் சுற்றவிட்டுவிட்டு, காலையில் வயர்லெஸ்ஸில் நலம் விசாரித்தார்.

"மூளைய மாத்துனா மீன் வருமாக்கும்? ஏல, அதுல வரைபடம் ஒண்ணும் கெடயாது. வெறும் பேச்சுப் பழக்கம்."

"பழக்கம் போதும்க்கா."

கஸ்பார் மாமாவிடம் கேட்டேன். "எம் மூளைய வச்சு அவன் என்னத்தக் கிழிக்கப் போறான், குடு" என்றார்.

செட்டைத் திறந்தேன். துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றி, ரிப்பனை மெல்ல இழுத்து, மூளையை எடுத்துத் துடைத்தேன். என் கம்ப்யூட்டரில் சொருகி, கஸ்பார் மாமா படகின் பெயரையும் நம்பரையும் அழித்து, 'சமாதான ராக்கினி'யின் பெயரை எழுதினேன். சேனல் எல்லாம் சரி பார்த்தேன். கடைசியில் குரல். மூளை புது ஆளின் குரலைப் பழக அவன் கொஞ்ச நேரம் பேச வேண்டும். எங்கள் ஆட்களிடம் பேசு என்றால் ஊமையாகிவிடுவார்கள். அதனால் எல்லாரையும் ஜெபமாலை சொல்லவிடுவேன். ரெமி கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னான்.

சோதித்துப் பார்க்க, அவன் கையில் மைக்கைக் கொடுத்து, கடைக்கு வெளியே ஜெனரேட்டரை ஓடவிட்டேன். நான் கைச் செட்டை வைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். அவன் "எக்கா, கேக்குதா, நான் கடைக்கிட்ட நிக்கேன்" என்று கத்தினான். என் செட்டில் அவன் குரலிலேயே, "எக்கா, கேக்குதா, அந்தோணியாரே, விளக்குக்குச் சோழகத்துல நிக்கேன்" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கஸ்பார் மாமா இடம் சொல்லும் முன் அந்தோணியாரைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார். கிழக்கைக் கொண்டல், தெற்கைச் சோழகம், வடக்கை வாடை என்று காற்றின் பெயரால் சொல்வதும், கடல் ஏறி வந்து இப்போது இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பழைய கலங்கரை விளக்கிலிருந்து கணக்கிடுவதும் அவர் காலத்து ஆட்களின் வழக்கம். ரெமி வயதுப் பையன்களுக்கு ஸ்கிரீனில் வருகிற எண்ணை வாசிக்கத்தான் தெரியும்.

"பழக்கத்த அழிச்சிரட்டால?" என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா, போகப் போக எனக்குப் பழகிரும்" என்று செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அடுத்து வந்த வாடைக் காலத்தில் ரெமிக்கு நல்ல மீன்பாடு. இரண்டு முறை படகு நிறையச் சீலா மீன் கொண்டுவந்தான். எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "சும்மா, அங்கன" என்றான். அக்காளிடமே பொய் சொல்லப் பழகிவிட்டான், இனி முழுத் தண்டல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு காற்றழுத்தம் சொன்ன திசையை விட்டுத் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. முந்தின நாளே படகுகள் கரை சேர்ந்துவிட்டன. கடலில் மிச்சம் நின்றவை நான்கு. லியோன் என்பவனும் அவன் கூட்டாளிகளும் மூன்று படகில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நான்காவது 'சமாதான ராக்கினி'. அதில் என் தம்பியும் இன்னும் ஆறு பேரும்.

காலையில் நாங்கள் எல்லாரும் சங்கக் கட்டடத்தில் பெரிய செட்டைச் சுற்றி நின்றோம். வெளியே தென்னைகள் தலைவிரித்து ஆடின. ரெமியின் குரல் வந்தது. சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் கூடச் சிதையாமல் வந்தது.

"எஞ்சின் நின்னுட்டு. தண்ணி ஏறுது. நங்கூரம் போட்டிருக்கேன். விளக்குக்குக் கொண்டல்ல முப்பது மைலு. சோழகத்துல பதினஞ்சு. வாங்க."

அவ்வளவுதான். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை.

தலைவர் லியோனை அழைத்து இடத்தைச் சொன்னார். மூன்று படகும் கரைக்கு வராமல் அங்கே திரும்பின. இந்தக் காற்றில் அப்படித் திரும்ப ஒரு நெஞ்சு வேண்டும். கடலில் பொய் பேசுகிறவர்கள்தான், ஆனால் ஒருவன் முங்குகிறான் என்றால் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

ரெமியின் குரல் வந்தபோது கஸ்பார் மாமா சுவரில் சாய்ந்து நின்றார். அது முடிந்ததும் யாரிடமும் ஒன்றும் பேசாமல் வெளியே போனார். தன் படகை எடுக்கப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. துறைமுக வாயில் அலை வீடு உயரம் எழும்பியது. இருமுறை படகை வெளியே விடப் பார்த்து, இருமுறையும் அலை அதைத் திருப்பி உள்ளே எறிந்திருக்கிறது. மதியம், உடம்பெல்லாம் நனைந்து, நெற்றியில் அடிபட்டுத் திரும்பி வந்து அதே சுவரில் சாய்ந்து நின்றார்.

அதே நேரம் லியோன் கூப்பிட்டான்.

"நீங்க சொன்ன எடத்துல நிக்கோம். ஒண்ணுங்கெடயாது. ஒரு பலகை கூடக் கெடயாது. சுத்திச் சுத்திப் பாத்தாச்சு."

கூட்டத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நங்கூரம் போட்ட படகு எங்கே போகும்? அந்தக் கோபத்தில்தான் மண்டை வேலை செய்தது. இந்தக் காற்றில் ஒரு பேச்சு எப்படி அவ்வளவு முழுசாக வரும்? ஸ்கிரீனில் எண்ணை வாசிக்கிற பையன் எப்படிக் கொண்டல், சோழகம் என்பான்?

"அது ரெமி பேசுனது இல்ல" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் திரும்பினார்கள். "எஞ்சின் நின்னுட்டுன்னு அவன் சொல்லியிருப்பான். எடத்தச் சொல்லும்போது காத்து அமுக்கியிருக்கு. அத மூளை போட்டிருக்கு. அது கஸ்பார் மாமா மூளை. மாமா எடத்த எப்படிச் சொல்லுவாரோ அப்படிச் சொல்லியிருக்கு."

"அதனால என்ன? எடம் சரியாத்தான இருக்கும்?" என்றார் தலைவர்.

"மாமா என்னைக்கு எடத்தச் சரியாச் சொன்னாரு?"

நான் மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, நீங்க எப்பவும் ஒரே மாதிரிதான் மாத்திச் சொல்லியிருக்கிய. இல்லன்னா அந்த போர்டு அதப் படிச்சிருக்காது. எவ்வளவு மாத்திச் சொல்லுவிய? எந்தப் பக்கம்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் விழுங்கினார்.

"எனக்கு ஒரு படகு குடுங்க, நானே போயிக் கூட்டியாறேன்" என்றார். "எடத்தக் கேக்காதிய."

"துறைமுக வாயத் தாண்ட முடியாமத்தான வந்து நிக்கிய? லியோன் அங்க பக்கத்துல நிக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவருக்கு என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய கணக்கு இன்னதென்று தெரிந்தால், இத்தனை வருடம் அவர் வயர்லெஸ்ஸில் சொன்ன ஒவ்வொரு இடத்தையும் அந்தக் கூடத்தில் நின்றவர்கள் திருப்பிப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையின் பிறந்த நாள் மறக்கும், அடுத்தவன் மீன் பிடித்த நாள் மறக்காது. புதுப் படகு இறக்கின வருடத்தில் அந்த இடம் போனால் அவர் கதி என்ன? தெரிந்துதான் கேட்டேன். என் தம்பி கடலில் கிடக்கிறான். அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன், கழுத்தைப் பிடிக்கவும் தயாராக இருந்தேன்.

மாமா பெரிய செட்டின் பக்கம் நடந்தார். மைக்கை எடுத்தார்.

"லியோன். நான் கஸ்பார் பேசுதேன். அங்கேருந்து நேர் வாடைல பத்து மைலு போ. நான் எப்பவும் பத்து மைலு தெக்க தள்ளித்தான் சொல்லுவேன். அதத் திருப்பு. ரெமி அங்க இருப்பான்."

பிறகு லியோன் குரல் வந்தது.

"மாமா, வெளையாடாதிய. இந்தக் காத்துல பத்து மைலு வாடைக்கு எதுக்க ஓடுனா டீசல் தீந்துரும். அங்க இல்லன்னா நாங்க கரை சேர மாட்டோம். தொழிலுக்கு வந்த புதுசுல நீங்க சொன்னத நம்பி நான் எத்தன தடவ போயி ஏமாந்திருக்கேன்? சத்தியமாச் சொல்லுதியளா?"

இப்போது நம்ப மாட்டேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. கஸ்பார் மச்சாது வயர்லெஸ்ஸில் சொன்னதை நம்பி டீசலை எரிக்கிற மடையன் எங்கள் துறையில் கிடையாது. சத்தியம் செய்தால் நம்புவானா? சத்தியமும்தான் வயர்லெஸ்ஸில் தாராளமாகப் புழங்குகிறது. மாமா மைக்கைப் பிடித்த கையை இறக்கினார். கூடத்தில் நின்ற தண்டல்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மறுபடி மைக்கை உயர்த்தினார்.

"லியோன், கேளு. அங்க கடலுக்கடியில ஒரு கல்லுப் பார் இருக்கு. மேக்கு ஓரம் சரிவு, நங்கூரம் அங்கதான் பிடிக்கும். அந்தச் சரிவுல சீலா கெடக்கு. நெறயக் கெடக்கு. என் வீடு, என் படகு, மூணு பொம்பளப்பிள்ளைய கல்யாணம், எல்லாம் அந்தப் பார்தான். போல, பிள்ளையத் தூக்கிட்டு வா."

மீன் நிறையக் கிடக்கிறது என்று வயர்லெஸ்ஸில் ஒரு தண்டல் சொல்லி எங்கள் துறையில் கேட்டவர் கிடையாது. எந்தச் சத்தியத்துக்கும் இல்லாத பலம் அதற்கு இருந்தது.

"திருப்பிட்டேன் மாமா" என்றான் லியோன்.

பொழுது சாய்வதற்குள் செய்தி வந்தது. 'சமாதான ராக்கினி' பாரின் மேற்கோரத்தில், நங்கூரம் கல்லைக் கடித்தபடி, விளிம்பு வரை தண்ணீரோடு நின்றிருக்கிறது. ஏழு பேரும் படகின் முன்முனையான அணியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். ஏழு பேரும் உயிரோடு. அப்போதுதான் நான் அழுதேன். நன்றாகவே அழுதேன், கூடம் அதிர.

காற்று தணிந்ததும் படகையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் நின்றவர்கள் மூலம் ஊர் முழுக்க என் விளக்கம் பரவியது. மூளை பொய் சொன்னது, ஜெசிந்தா கண்டுபிடித்தாள். எனக்குப் பெருமை தலைக்கேறியது, அதை ஏன் மறைக்க வேண்டும்? தண்டல்கள் வரிசையாகக் கடைக்கு வந்தார்கள். செட்டில் ஆபத்துக்கென்று இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மட்டும், அப்போது மட்டும், இடம் தானாகக் கரைக்குப் போகிற மாதிரி திறந்துவிடச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் பழையபடிதான்.

ரெமியின் செட்டைத் திறந்து அந்த மூளையைக் கழற்றி அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூடியை எடுத்தேன். உள்ளே இருந்தது கஸ்பார் மாமாவின் மூளை இல்லை. சோதனைக்கு வைத்திருந்த என் வெற்று போர்டு. ஒன்றுமே பழகாத, ஒரு சொல்லையும் நிரப்பத் தெரியாத போர்டு. அதை எங்கோ தொலைத்துவிட்டேன் என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ரெமியைக் கூப்பிட்டனுப்பினேன். தலையைக் குனிந்துகொண்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் பொதிந்த மூளையை எடுத்து மேசையில் வைத்தான்.

"நான்தான் மாத்துனேன்க்கா. அந்த ட்ரிப்புக்கு முன்னால."

"எதுக்குல?"

"அது பொய் சொல்லுதுன்னு மொதல்லயே கண்டுபிடிச்சிட்டேன். எஞ்சின் பக்கத்துல நின்னு பேசுவேன், கைச் செட்டுல கேப்பேன். எப்பவும் பத்து மைலு தெக்க சொல்லிச்சு. அப்ப மாமா பழய பேச்செல்லாம் ஞாபகப்படுத்தித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். பார் சிக்கிட்டு."

இரண்டு முறை படகு நிறைய வந்த சீலா எதன் சீலா என்று இப்போது தெரிந்தது.

"எடம் தெரிஞ்ச பொறவு மூளை வேண்டாம்னு கழத்திட்டியாக்கும்."

"பயமா இருந்துச்சுக்கா. நாளைக்கு ஒரு ஆபத்துன்னா அது எம் பேச்ச மாத்திரும்லா."

"அப்ப அன்னைக்குப் பேசுனது?"

"நான்தான். போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னேன், காத்து அமுக்கிரக் கூடாதுன்னு."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. "மூளை பொய் சொல்லும்னு பயந்து அதக் கழத்தி வீட்ல வச்சிட்டு, முங்கப் போற நேரத்துல நீயே பொய்யச் சொல்லியிருக்க! ஆறு பேரு உன்ன நம்பி வந்திருக்கான்!"

"பொய் இல்லக்கா. மாமாவுக்கு மட்டும் வெளங்குத மாதிரி சொன்னேன். அவரு கேட்டா ஒடனே வந்துருவாருன்னு நெனச்சேன். அலை துறைமுக வாய அடைச்சிரும்னு எனக்கெப்படித் தெரியும்?" அவன் கண் கலங்கியது. "அவரு எடத்த நான் எடுத்தது தப்புதான். ஆனா ஊருக்கே போட்டு ஒடைக்க மனசு வரலக்கா."

திருடின இடத்துக்கு மரியாதை வேறு. சொல்லித் திட்டத்தான் நினைத்தேன். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று கூடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன விளக்கம் முழுக்கத் தப்பு. கிடைத்த இடம் மட்டும் சரி. இதை ஊருக்குச் சொன்னால் ரெமியைத் திருடன் என்பார்கள், அவனை நம்பி இனி எவனும் படகேற மாட்டான். சொல்லாவிட்டால் கஸ்பார் மாமாவை நான் ஏமாற்றுகிறேன். அவர் இவனுக்காக இழந்தது கொஞ்சமா? அந்த வாரமே அவர் பாரில் இடம் கொள்ளாமல் படகுகள் நின்றன.

எழுந்து அவர் வீட்டுக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டும்போது அவரே வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. மேசையில் கிடந்த மூளையைப் பார்த்தார், திறந்து கிடந்த செட்டைப் பார்த்தார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மூளை பேசல. ரெமிதான்..."

"தெரியும்ட்டி."

"எப்பத் தெரியும்?"

"அவன் பேசி முடிச்சப்பவே. என் மூளை எடம் சொல்லியிருந்தா அந்தோணியாரக் கூப்பிடாம சொல்லியிருக்குமா?"

இதே கடையில் ஜெனரேட்டரை ஓடவிட்டு நானே கேட்டுச் சிரித்தது.

"பொய் சொல்லுததுக்கு முன்னால அவருகிட்ட மன்னிப்பு கேக்குதது என் பழக்கம்" என்றார். "லியோன்ட்ட உண்மைய சொன்னப்ப நான் அவரக் கூப்பிடல, நீ கவனிச்சியா? அன்னைக்குப் பய பேசுனதும் என் கணக்க அப்படியே சொல்லுதான். ஆனா அந்தோணியார் இல்ல. அப்பவே தெரிஞ்சிட்டு, இது மூளை இல்ல, களவாணிப்பய என் பார் மேல நின்னு என்னத்தான் கூப்பிடுதான்னு."

"தெரிஞ்சும் ஏன் அப்பவே சொல்லல?"

அவர் முகம் மாறியது. "போயி அவனையும் தூக்கலாம், பாரையும் காப்பாத்தலாம்னு நெனச்சேன். ரெண்டு மணி நேரம். அவன் செத்திருந்தா அந்த ரெண்டு மணி நேரம் என்னச் சும்மா விட்டுருக்குமா ஜெசி? அதுக்குத்தான் நீ மூளை மேல பழியப் போட்டப்ப வாய மூடிக்கிட்டேன். அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஊருக்கு மூளைதான் பேசிச்சு. அப்படியே இருக்கட்டும்."

"உங்க பார் போச்சே மாமா."

"ஒரு பார்தான் வச்சிருக்கேன்னு எவன் சொன்னான்?" என்று மீசையைத் தடவினார். அது உண்மையா பொய்யா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது கடைச் செட்டில் லியோன் கூப்பிட்டான். கடலில் நின்றான், எல்லாப் படகும் கேட்கிற சேனல்.

"எக்கா, ரெமி செட்டத் தொறந்து பாத்தியளா? எங்க செட்டுலயும் அதே கோளாறு இருக்குமோன்னு பயலுவ கேக்கானுவ. மூளைதான பேசிச்சு?"

கஸ்பார் மாமா என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்தேன். இந்தத் துறையில் உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் நான் ஒருத்திதான்.

"அந்தோணியாரே" என்றேன். "ஆமா லியோன். மூளைதான் பேசிச்சு."